‘வேகபாண்ட்’ கொரியத் தொடர்: எது நிற்கிறது, எது சரிகிறது (கதைமுடிவும் பேசப்படும்)

வாசகர் ஒருவர் கேட்டது, ஜூன் 4
2019இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் பல நாடுகளுக்கும் சென்ற ‘வேகபாண்ட்’ தொடரைச் சண்டைக்காகப் பார்க்கலாம், கதைக்காகப் பார்க்க வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மொத்தம் 16 எபிசோடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் செலவிடத் தகுந்ததா, அல்லது பாதியில் விட்டுவிடலாமா?

ஜூன் 4
பாதி நல்ல தொடர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பாதி என்பதில்தான் உங்கள் நண்பர்களோடு எனக்கு வேறுபாடு. சண்டை நன்று, கதை மோசம் என்ற பிரிவினை முதல் இரண்டு எபிசோடுகளுக்கே பொருந்தாது, ஏனெனில் அங்கே கதையைச் சொல்வதே சண்டைதான். கொரியாவிலிருந்து மொரோக்கோவுக்குச் சென்ற பயணிகள் விமானம் விழுந்து 200க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இறந்தவர்களில் ஒருவன் டேக்வாண்டோ செய்துகாட்டச் சென்ற சிறுவர் குழுவைச் சேர்ந்த ஹூன். அவனைத் தனியாக வளர்த்த சித்தப்பா சா டால்-கன் ஒரு ஸ்டன்ட் கலைஞன். பையன் விமானத்துக்குள் எடுத்த காணொளியில் முகம் தெரிந்த ஒரு பயணி, மற்ற எல்லோரோடும் இறந்திருக்க வேண்டியவன், மொரோக்கோ விமான நிலையத்தில் உயிரோடு நடமாடுவதை டால்-கன் கண்டுவிடுகிறான். அதிலிருந்து தொடங்கும் துரத்தலில் அவனிடம் துப்பாக்கி இல்லை, திட்டம் இல்லை, அந்த ஊரின் மொழிகூடத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது விழுவது மட்டுமே. உயரத்திலிருந்து ஓடும் காரின் மேல் குதித்து, அதைப் பற்றிக்கொண்டு இழுபடுகிறானே, அந்தக் காட்சியில் ஒரு மனிதனின் தொழிலும் துக்கமும் ஒரே அசைவாக ஆகிவிடுகின்றன. இதைக் கதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 4, இரவு
டால்-கன்னாக நடித்த லீ சியுங்-கி பாடகராகவே பலருக்குத் தெரிந்தவர். கட்டாய இராணுவச் சேவையைச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்றில் முடித்து 2017 அக்டோபரில் வெளியே வந்தவர். உளவுத்துறை அதிகாரி கோ ஹே-ரியாக வரும் சூஸியோடு 2013இலேயே ஒரு புராணக்கதைத் தொடரில் இணைந்து நடித்திருக்கிறார். அந்த ஜோடி மீண்டும் சேர்வதை வைத்துத்தான் பெரிதும் விளம்பரம் செய்தார்கள் என்பதால், காதலை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். காதல் பகுதி இத்தொடரின் மிக வற்றிய பகுதி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

ஜூன் 6
‘ஒரு ஸ்டன்ட் கலைஞன் பயிற்சி பெற்ற கொலையாளிகளை அடித்து வீழ்த்துவது நம்பும்படியாக இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் அவன் யாரையும் எளிதில் வீழ்த்துவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடிபடுகிறான், பிடியை விடுகிறான், துரத்தப்பட்டவன் தப்பிவிடுகிறான். உண்மையான குறை பின்னால் வருகிறது. கொரியாவுக்குத் திரும்பிக் கதை பெருகும்போது அவனுடைய தொழில் மெல்ல மறைந்து, எந்தத் துப்பாக்கியையும் கையாளக்கூடிய, எந்தக் காயத்திலிருந்தும் எழுந்துவிடும் வழக்கமான நாயகன் ஆகிவிடுகிறான். எழுத்தாளர்கள் அரிதாகக் கிடைத்த ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தும், அவன் விழத் தெரிந்தவன் என்பதைப் பத்தாவது எபிசோடுக்கு மேல் ஏறத்தாழ மறந்துவிடுகிறார்கள்.

ஜூன் 9
இப்போது சதித்திட்டத்துக்கு வருகிறேன். விமானம் விபத்தால் விழவில்லை. கொரிய விமானப்படைக்கான புதிய போர் விமானக் கொள்முதலில் இரண்டு நிறுவனங்கள் மோதுகின்றன. டைனமிக் என்ற நிறுவனம் செய்த பயணிகள் விமானத்தை விழவைத்து, அதன் பெயரைக் கெடுத்து, ஜான் அண்ட் மார்க் என்ற நிறுவனம் ஒப்பந்தத்தைப் பறிக்க முயல்கிறது. கற்பனைப் பெயர்கள்தாம், ஆனால் காரணம் கேட்பதற்கு வலுவாகவே இருக்கிறது.

நான் நெடுங்காலம் கொள்முதல் பிரிவில் வேலை செய்தவன். நாங்கள் வாங்கியவை பம்புகளும் குழாய்களும்; போர் விமானம் வாங்கும் பேறு வாய்க்கவில்லை. இருந்தாலும் டெண்டர் என்பது எங்கே வளையும் என்பது ஓரளவு தெரியும். கையெழுத்திடும் பெரியவரை வளைப்பதைவிட, விவரக்குறிப்பு எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவரை வளைப்பது எளிது. அங்கே ஒரு வரி மாறினால் போட்டியாளர் தானாகவே விழுந்துவிடுவார். அதற்காக விமானத்தை விழவைக்க வேண்டியதில்லை.

கொரியாவின் உண்மை வரலாறே இதற்குச் சான்று. எஃப்-எக்ஸ் என்ற போர் விமானத் திட்டத்தின் மூன்றாம் கட்டக் கொள்முதலில், சுமார் 8.3 டிரில்லியன் வோன் என்ற விலை வரம்புக்குள் தகுதியோடு மிஞ்சியது போயிங்கின் எஃப்-15 சைலண்ட் ஈகிள் ஒன்றுதான். 2013 செப்டம்பரில் உரிய குழு கூடி அதையும் நிராகரித்தது. ரேடாரில் சிக்காத் திறன் முன்னிலைக்கு வந்தது. 2014 மார்ச்சில் போட்டி நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டினின் 40 எஃப்-35ஏ விமானங்கள் என்று முடிவாயிற்று. அதில் ஊழல் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எது வேண்டும் என்பதை மாற்றி எழுதினால் யார் வெல்வார் என்பதும் மாறிவிடும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த வரிசையில் முதல் இரண்டு விமானங்கள் சோங்ஜு தளத்துக்கு வந்து இறங்கியது 2019 மார்ச்சில். இத்தொடர் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 20இல். நாட்டின் நடுவில் இவ்வளவு சுவையான அலுவலகப் போர் நடந்து முடிந்திருக்க, தொடர் அதை இரண்டு வணிகர்கள், ஒரு குடியரசுத் தலைவர், ஒரு கையெழுத்து என்று சுருக்கிவிட்டது. குழு இல்லை, கோப்பு இல்லை, மதிப்பீடு இல்லை. பணப்பெட்டி இருக்கிறது.

ஜூன் 10
மேலே எழுதியதற்கு ஒருவர் நல்ல மறுப்பு தந்திருக்கிறார்: பணப்பெட்டியும் கொரியாவின் உண்மைதானே என்று. 1990களின் ‘பேக்டு’ உளவு விமானத் திட்டத்தில், ஒரு பெண் இடைத்தரகருக்கும் அப்போதைய பாதுகாப்பு அமைச்சருக்கும் இருந்த நெருக்கம் 2000இல் வெளிவந்து நாடே பேசியது. ஜான் அண்ட் மார்க்கின் ஆசியப் பொறுப்பாளராக வரும் ஜெசிகா லீ அந்த நினைவிலிருந்து எழுதப்பட்டவள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும் என்பதைக் கொரியப் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. மூன் ஜியாங்-ஹீ அந்தப் பாத்திரத்தில் நிற்கும் விதம் தனி. கத்துவதில்லை, பதறுவதில்லை, எதிரில் இருப்பவர் விலை என்ன என்று கணக்கிட்டுக்கொண்டே சிரிக்கிறார். சப்டைட்டிலை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் அவர் பேரம் பேசுகிறார் என்பது புரியும்.

ஜூன் 13
கேள்வியின் மையத்துக்கு வருவதற்குத் தயங்கிக்கொண்டே இருந்தேன், ஏனெனில் இங்கேதான் என் கோபமும் இருக்கிறது.

இத்தொடரில் மிக வலுவான கூட்டம் உளவாளிகளின் கூட்டமன்று. பிள்ளைகளையும் துணைகளையும் இழந்தவர்களின் கூட்டம். முதல் எபிசோடுகளில் அவர்கள் மொரோக்கோவுக்கு வருகிறார்கள், அழுகிறார்கள், ஒருவரையொருவர் தாங்குகிறார்கள். சதி இருக்கிறது என்று டால்-கன் கத்தும்போது அவர்களில் சிலர் எரிச்சலடைகிறார்கள், இழப்பீட்டுப் பேச்சு வரும்போது பிளவும் வருகிறது. 2014 ஏப்ரல் 16இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்ததை வாழ்ந்து கடந்த ஒரு நாட்டில், இறந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒரு நாட்டில், குழந்தைகள் ஏறிய விமானம் விழும் காட்சியை யாரும் வெறும் கதைத் தொடக்கமாகப் பார்த்திருக்க முடியாது. அந்தப் பெற்றோர்கள் சியோல் நகர நடுவிலுள்ள குவாங்வாமுன் சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இராணுவத்தின் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவு அவர்களையே கண்காணித்தது 2018இல் வெளியாயிற்று. அரசு தன் குடிமக்களின் துக்கத்தை வேவு பார்த்தது என்பது அங்கே செய்தி, கற்பனையன்று.

அதனால்தான் இத்தொடரின் முதல் பாதி அழுத்தமாக இருக்கிறது. உளவுத்துறையின் உயர் அதிகாரிகளே உண்மையை மூட உதவுகிறார்கள் என்ற கதைப்போக்கு 2019இல் மிகையாகத் தோன்றியிருக்காது. 2012 அதிபர் தேர்தலில் இணையக் கருத்துகள் மூலம் தலையிட்ட வழக்கில், அந்தத் துறையின் முன்னாள் தலைவருக்கு விதிக்கப்பட்ட நான்காண்டுச் சிறையை உச்ச நீதிமன்றம் 2018இல்தான் உறுதிசெய்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குடியரசுத் தலைவரே பதவி நீக்கப்பட்டிருந்தார்.

இவ்வளவு உயிருள்ள பொருளைக் கையில் எடுத்த தொடர், அதை என்ன செய்தது? நீதிமன்றக் காட்சி வரை அந்தக் குடும்பங்களை அழைத்து வருகிறது, அவர்கள் உண்மையைக் கேட்கவும் செய்கிறார்கள். பிறகு வாசலில் விட்டுவிட்டு, உலகளாவிய நிழல் அமைப்பு, கூலிப்படை, ஆப்பிரிக்கப் பாலைவனம் என்று போய்விடுகிறது. டால்-கன்னின் துக்கம் தொடர்கிறது என்று வசனம் சொல்கிறது. மற்றவர்களின் துக்கத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஜூன் 13, பின்னிரவு
கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினாலும் மாற்றப் போவதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் குடும்பங்களாக நடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. மொரோக்கோ காட்சிகளில் அவர்கள் முகங்கள்தாம் என் மனத்தில் நிற்கின்றன, நாயகனின் முகத்தைவிட.

ஜூன் 14
குடியரசுத் தலைவராக வரும் பேக் யூன்-சிக்கைப் பற்றி யாருமே எழுதவில்லையே என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், இவரிடம் நாட்டைக் கொடுத்தவர்கள் வாக்களித்த அன்று மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர்களாக இருக்க வேண்டும் என்று என் மைத்துனர் சொல்வார். நடிப்பில் குறையில்லை, அந்தப் பாத்திரம் வேறொரு நகைச்சுவைத் தொடரிலிருந்து தவறி வந்துவிட்டது. ஹே-ரியின் தோழியாக வரும் அதிகாரியின் நகைச்சுவை அவ்வளவு உறுத்தவில்லை, ஏனென்றால் அது அலுவலகத்துக்குள்ளேயே நிற்கிறது.

ஜூன் 18
துப்பாக்கிகளைப் பற்றி. தென்கொரியாவில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பது மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேட்டைத் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைக்க வேண்டும். அதனால்தான் கொரிய அதிரடிக் கதைகளின் இயல்பான ஆயுதங்கள் கத்தி, தடி, முட்டி ஆகியவை. 2021இல் வந்த ‘மை நேம்’ தொடரில் ஹான் சோ-ஹீ கத்தியோடு நெருக்கமான இடங்களில் போராடுவதும், 2023இல் வந்த ‘பிளட்ஹவுண்ட்ஸ்’ தொடரில் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் கந்துவட்டிக்காரர்களை வெறுங்கையால் எதிர்கொள்வதும் அந்த நாட்டின் சட்டத்திலிருந்தே பிறந்த அழகு என்று சொல்லலாம்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ‘வேகபாண்ட்’ படக்குழு மொரோக்கோவுக்குச் சென்றது வெறும் காட்சியழகுக்காக மட்டும் இல்லை. அங்கே போனதும் துப்பாக்கிச் சத்தம் கேட்பவருக்கு உறுத்தாமல் ஆகிவிடுகிறது. கொரியத் தூதரகத்தைத் தம் நாட்டு உளவுத்துறையே அனுப்பிய கொலைக்குழு தாக்கும் எபிசோடு இத்தொடரின் உச்சம் என்பேன். தூதரகம் என்பது சொந்த நாட்டின் காப்பு; அந்தக் காப்புக்குள்ளேயே சொந்த நாட்டுக் குண்டு வருகிறது. உள்ளே இருப்பவர்களிடம் தோட்டா குறைவு, கதவுகள் குறைவு, இரவு நீளம். எங்கே யார் இருக்கிறார் என்பது ஒவ்வொரு நொடியும் நமக்குத் தெரிகிறது. அதுதான் நல்ல இயக்கம். இத்தொடரின் இயக்குநர் யூ இன்-சிக் பிற்காலத்தில் 2022இல் ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ இயக்கியபோது அமைதியான அறைகளில் காட்டிய தெளிவை, இங்கே குண்டுமழைக்கு நடுவே காட்டியிருக்கிறார்.

பின்னர் துணை விமானி கிம் ஊ-கியைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லும் வழியில், சியோல் நகரச் சாலையிலேயே சுடுகிறார்கள். எடுத்த விதம் சிறப்பு. ஆனால் கொரியத் தலைநகரில் பட்டப்பகலில் அப்படி ஒன்று நடந்தால் அரசாங்கமே மறுநாள் நிற்காது. இங்கே மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள்.

ஜூன் 19
2009இன் ‘ஐரிஸ்’ தொடரிலும் குவாங்வாமுன் சாலையையே மூடித் துப்பாக்கிச் சண்டை எடுத்தார்களே, அதை ஏற்றுக்கொண்டீர்களே என்று கேட்டவருக்கு: ஏற்றுக்கொண்டேன், ஏனெனில் அந்தத் தொடர் முதல் நொடியிலிருந்தே உளவாளிகளின் உலகத்தில் நடக்கிறது. ‘வேகபாண்ட்’ ஒரு சாதாரணச் சித்தப்பாவிடமிருந்து தொடங்கியது.

ஜூன் 21
எழுத்தாளர்கள் ஜாங் யங்-சுல், ஜங் கியங்-சூன் இருவரும் இதே இயக்குநரோடு 2010இல் ‘ஜயண்ட்’ எழுதியவர்கள். அது 60 எபிசோடுகள். பிறகு எழுதிய ‘எம்பிரஸ் கி’ 51 எபிசோடுகள். இதைத் தெரிந்துகொண்டபின் எனக்குப் பல விடயங்கள் தெளிவாயின. நெடுந்தொடரில் ஒரு வில்லன் விழுந்ததும் அவனுக்கு மேல் இன்னொருவன் வர வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் ஓட்ட முடியாது. அங்கே அந்தப் புதிய வில்லன் வளர்வதற்குப் பத்துப் பதினைந்து எபிசோடுகள் கிடைக்கும். அதே பழக்கத்தை 16 எபிசோடுகளுக்குள் செய்தால் என்ன ஆகும்? ஜெசிகா என்று நம்பியிருந்தோம். டைனமிக்கின் எட்வர்டு பார்க் என்றார்கள். அவருக்கும் அரசியலில் உயரத்தில் இருக்கும் ஒருவருக்கும் உறவு என்றார்கள். ஒவ்வொரு திரை விலகும்போதும் அதற்கு முன் நாம் பட்ட அச்சம் மலிந்துபோகிறது. லீ கியங்-யங் எட்வர்டாக மிக நிதானமாக நடித்திருக்கிறார். ஆனால் அவர் யாரென்று தெரிந்தபின் அவரோடு பழக நமக்கு நேரமே தரப்படவில்லை.

ஜூன் 22
இன்னொரு காரணமும் உண்டு. 2021 நடுப்பகுதி வரை கொரியத் தரைவழி ஒளிபரப்பு நிறுவனங்கள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட அனுமதியில்லை. அதனால் ஒரு எபிசோடையே துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனி எபிசோடாக எண்ணி, இடையில் விளம்பரம் போட்டார்கள். ‘வேகபாண்ட்’ அப்படித்தான் ஒளிபரப்பாயிற்று. இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை யாரோ கதவைத் திறக்க, இசை ஏற, முகம் உறைவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இடைவெளி இல்லாமல் பார்க்கும் நமக்கு அந்த உறைதல் எதற்கென்று விளங்குவதில்லை.

ஜூன் 27
முடிவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதிவிடுகிறேன், பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடலாம்.

முதல் எபிசோடே பாலைவனத்தில், தொலைநோக்கித் துப்பாக்கியோடு படுத்திருக்கும் டால்-கன், குறியில் ஹே-ரியின் முகத்தைக் காண்பதோடு தொடங்குகிறது. கடைசி எபிசோடு நம்மை அதே பாலைவனத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் சிறிது தூரம்கூடப் போகாமல் நிறுத்திவிடுகிறது. டால்-கன் இறந்துவிட்டான் என்று நம்பும் ஹே-ரி ஆயுதத் தரகராக மாறுகிறாள். அவன் கூலிப்படையில் சேர்ந்து உள்ளிருந்தே பழிவாங்கத் திட்டமிடுகிறான்.

பார்வையாளர் எண்ணிக்கையைக் கண்டு இரண்டாம் பருவத்துக்காக முடிவை மாற்றிவிட்டார்கள் என்ற ஊகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கொரியாவில் பல தொடர்கள் ஒளிபரப்பிக்கொண்டே எடுக்கப்படுபவை. இதுவோ திரைக்கு வருமுன்பே எடுத்து முடிக்கப்பட்டது. செலவு சுமார் 2,500 கோடி வோன் என்று செய்திகள் கூறின. அவ்வளவு பணமும் அவ்வளவு காலமும் இருந்தபோதே இந்த முடிவுதான் வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். இரண்டாம் பருவம் இன்றுவரை வரவில்லை.

திறந்த முடிவில் எனக்குப் பகையில்லை. ஹே-ரியின் மாற்றத்துக்கு இரண்டு எபிசோடாவது தந்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. தந்தை இறந்தபின் குடும்பத்தைத் தாங்க அரசு வேலைக்கு வந்த பெண், சட்டத்தை நம்பிச் சட்டத்தாலேயே ஏமாற்றப்பட்ட பெண், எந்த இரவில் ஆயுதத் தரகராவது என்று முடிவெடுத்தாள்? சிறையில் ஜெசிகாவோடு அவளுக்கு ஏற்படும் பழக்கத்தைத் தொட்டுவிட்டு விடுகிறார்கள். எனக்கு வேண்டிய தொடரே அந்தச் சிறைக்குள் இருக்கிறது: தான் சிறைக்கு அனுப்பியவளிடமே தொழில் கற்கும் ஒருத்தி.

ஜூன் 28
மேலே உள்ளதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் உங்களுக்குப் பிடிக்கவே இல்லையா’ என்று கேட்டிருக்கிறார்கள். பிடிக்காத தொடருக்கு இவ்வளவு எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

ஜூலை 3
தூதரக எபிசோடை மறுபடியும் பார்த்தேன். இம்முறை கவனம் கி டே-ஊங் மேல் சென்றது. ஷின் சங்-ரோக் நடித்த இந்த அதிகாரி முதல் பார்வையில் விறைப்பாகவே தெரிந்தார். மேலிருந்து வரும் உத்தரவுக்கும் எதிரில் தெரியும் உண்மைக்கும் நடுவே அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அவருடைய பதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்பதை இப்போதுதான் வரிசையாகப் பார்த்தேன். டால்-கன் எல்லாவற்றையும் இழந்தபின் துணிகிறான். இவர் இழப்பதற்கு இன்னும் நிறைய இருக்கும்போதே துணிகிறார். இரண்டாம் பாதியில் நான் ‘சரிந்துவிட்டது’ என்று எழுதிய இடங்களிலும் இந்த ஒரு பாத்திரம் சரியவில்லை.

ஜூலை 5
முதலில் கேட்ட வாசகர் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். எங்கே நிறுத்தலாம் என்று கேட்கிறார். நீதிமன்றச் சாட்சியம் முடியும் இடத்தில் நிறுத்தினால் ஒரு முழுக்கதை கிடைக்கும். என் மைத்துனர் அங்கே நிறுத்த மறுத்து, கடைசி வரை பார்த்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.